சிரித்துக்கொண்டே வைதவள்

துணிக்கடையில் அவருக்கு எக்ஸ்ரே என்று பெயர். மாடிப்படி ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். உள்ளே வருகிறவர்களின் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். எவன் தன் சட்டைக்குள் கடைச் சட்டையைச் செருகப் போகிறான் என்பது, அவன் கை நீள்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். கடை முதலாளிக்கு அவர் தங்கம். வீட்டில் மனைவிக்கு எமன்.

அந்தக் கண் கடையோடு நின்றுவிடுமா? அவள் வாயைத் திறக்கவே வேண்டாம். “அக்காகிட்ட போன்ல அழுதிருக்க. என்னைப் பத்தித்தானே?” என்பார். “மனசுக்குள்ள திட்டுறியா? சத்தமாத் திட்டு, கேப்போம்.” அவள் திட்டியதில்லை. திட்டினால் என்ன ஆகும் என்று அவளுடைய இடது காதுக்குத் தெரியும். அதில் பாதிதான் கேட்கும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நோய் வந்தது. வெறும் மறதி என்றுதான் முதலில் நினைத்தார்கள். அவளுடைய அக்கா செத்த செய்தி வந்த அன்று, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அவள் கதறினாள். அவர் எட்டிப் பார்த்து, “என்ன அப்படி ஒரு சிரிப்பு? எனக்கும் சொல்லேன்” என்றார். குத்தல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

மகள் இருவரையும் டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் முகப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். கோபம், பயம், அழுகை, எதற்கும் பதில் இல்லை. சிரிக்கிற முகத்தைக் கண்டதும் மட்டும், “இவன் சந்தோஷமா இருக்கான்” என்றார்.

“மத்தவங்க மனசைப் படிக்கிற பகுதி மூளையில அழிஞ்சிட்டு வருது. பேச்சும் இனிமே சரியாப் புரியாது. சிரிச்ச முகமா இருங்கம்மா, அமைதியா இருப்பாரு” என்றார் டாக்டர்.

மகளுக்குக் கண் கலங்கியது. அம்மா அந்தப் பேச்சை மனசில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் மகள் வேலைக்குப் போனதும், அவருக்குச் சோறு ஊட்டியபடி வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். “நீ எப்படா சாவ?” என்றாள், குழந்தையைக் கொஞ்சுகிற குரலில். கல்யாணம் ஆன நாளிலிருந்து ‘நீங்க’ என்று மட்டுமே சொன்ன வாய். அவரோ முகம் மலர்ந்து, இன்னொரு வாய்க்கு வாயைத் திறந்தார்.

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? வசவு சலித்துப்போனது. சிரித்தபடியே தொடையில் கிள்ளினாள். சிரித்தபடியே ஆறாத காப்பியைக் குடிக்கவைத்தாள். அவர் அலறுவார், அவள் முகத்தைப் பார்ப்பார், அங்கே சிரிப்பு இருக்கும். குழம்பிப்போய், கண்ணில் நீர் வழிய, தானும் சிரிப்பார். அதைப் பார்க்கும்போது அவளுக்குப் பசியெடுக்கும். நன்றாகச் சாப்பிடுவாள்.

ஒருநாள் செல்போனை மறந்துவிட்டுப் போன மகள் பாதி வழியில் திரும்பி வந்தாள். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

“அப்பா தொடையில இருக்கிற காயமெல்லாம் கட்டில்ல இடிச்சுக்கிட்டதுன்னு சொன்னியேம்மா... நீதானா?”

அம்மா மழுப்பவில்லை. “நீ வளர்ந்தது இந்த வீட்டுலதானே? அப்பல்லாம் நீ எந்தக் கதவுகிட்ட நின்ன?”

மகள் அந்த வாரமே அப்பாவை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் போவார்கள். மகள் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். அவருக்கு மகளை அடையாளம் தெரியவில்லை. அம்மா சிரித்தால் மட்டும் கையை நீட்டுவார்.

“வேற யாரைப் பார்த்தாலும் இவர் இப்படி மலர்றதில்லை. கொடுத்து வச்சவங்க நீங்க” என்றாள் அங்கிருந்த நர்ஸ். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிளம்பும் நேரம் வந்தது. அவர் அம்மாவின் கையை விடவில்லை. குழந்தை மாதிரி சிணுங்கினார். இப்போது அவள் சிரிக்கவில்லை. அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். அவர் அவள் முகத்தில் எதையோ தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. டிவி பக்கம் திரும்பிவிட்டார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, மகளுக்காகக் காத்திராமல் நடந்தாள்.