ஜெயலீலா எடுக்கச் சொன்ன பத்தி

ஜெயலீலாவால் அன்று விருந்து மேசையில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் உட்கார முடியவில்லை. நாப்கினை மடித்தாள், பிரித்தாள், பாத்ரூம் போகிறேன் என்று மூன்று தடவை எழுந்துபோனாள். பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கு எரிச்சலாக வந்தது. காரணம் அப்போது தெரியாது. பிறகு அவளே சொன்னாள்.

அமெரிக்காவுக்கு வந்து இர்விங்கில் பத்து வருடமாக இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் தமிழ் சர்ச்சில் யார் வீட்டில் பிரசவம் என்றாலும் குழம்புப் பாத்திரத்தோடு முதலில் போய் நிற்பவள் அவள்தான். தன் வீட்டுக் கஷ்டத்தைப் பற்றி மட்டும் மூச்சுவிட மாட்டாள். கணவர் சாந்தகுமாருக்கு லேஆஃப் ஆகி வேலை போய் எட்டு மாதம். கிரீன் கார்டு வந்துவிட்டதால் ஊருக்குத் திரும்பும் பயமில்லை. பயமெல்லாம் எங்களிடம்தான். அபார்ட்மென்டில் மாடியிலும் கீழேயும் தமிழ்க் குடும்பங்கள் அல்லவா, அதனால் தினமும் எட்டரைக்கு ஆபீஸ் போகிறவர் மாதிரி அவரை லைப்ரரிக்கு அனுப்பிவிடுவாள்.

மகள் ஜெபினா பதினோராம் வகுப்பு. கறுப்பின, லத்தீன், ஆசியக் குடும்பத்துப் பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார்செய்யும் ஓர் அமைப்பில் இலவசமாகப் படிக்கிறாள். அந்த அமைப்புக்கு நன்கொடை திரட்டும் விருந்தில் பேச அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். லீலாவுக்குத் தலைகால் புரியவில்லை. தமிழ்ச் சங்க ஆண்டு விழா மாதிரி நாலு வரி நன்றியுரை என்று நினைத்து, சர்ச்சிலும் அபார்ட்மென்டிலுமாக எட்டுப் பேரைக் கூப்பிட்டு ஒரு மேசையையே நிரப்பிவிட்டாள். காசு கொடுக்க வருகிறவர்கள் கேட்க விரும்புவது கஷ்டக் கதையைத்தான் என்று அவளுக்கு யார் சொல்வது?

அன்று மாலை ஒத்திகையில்தான் மகளின் பேச்சைக் கேட்டாள். இரண்டாவது பத்தியிலேயே அப்பாவுக்கு வேலை போனது, லைப்ரரி, எல்லாம் இருந்தது. மகளை ஓட்டல் வராந்தாவுக்கு இழுத்துப்போனாள்.

"அந்த பாராவை கட் பண்ணிடு."

"பட் இட்ஸ் ட்ரூ, மம்மி."

"ட்ரூதான். நம்ம ஆளுங்க எல்லாம் வர்றாங்கடி. டாடி மானம் போயிடும். ப்ளீஸ்."

ஜெபினா காகிதத்தை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சொல்வாளா, விடுவாளா என்று தெரியாமல்தான் லீலா அந்தப் பாடு பட்டுக்கொண்டிருந்தாள். உப்பு உறைப்பில்லாத சிக்கன் வந்தது. அதைத் தொடக்கூட இல்லை.

மேடையில் ஜெபினா முதல் பத்தியை முடித்தாள். நின்றாள். எங்கள் மேசையைப் பார்த்தாள். பிறகு காகிதத்தைப் புரட்டிவிட்டு, அப்பா ஒரு சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட், உழைப்பை அவரிடம் கற்றேன் என்று ஆங்கிலத்தில் சொல்லி, நன்றி கூறி இறங்கினாள். மற்ற மேசைகளில் மரியாதைக்குத் தட்டினார்கள். நாங்கள் பலமாகத் தட்டினோம். லீலா அப்பாடா என்று ஒரு கிளாஸ் தண்ணீரை முழுசாகக் குடித்தாள். கணவர் பக்கம் திரும்பினாள். அவர் கை தட்டவில்லை.

"நான்தான் அவளை எழுதச் சொன்னேன் லீலா," என்றார் மெல்ல. "என் வாயால சொல்ல வரல. அவ சொல்லிட்டா, இனிமே யார்கிட்டயும் பொய் சொல்ல வேண்டாமேன்னு பாத்தேன்."

எனக்கு அது காதில் விழுந்தது. விழாத மாதிரி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

எதிரே இருந்த கீழ்வீட்டுக் கோபாலசாமி அங்கிளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. "பொண்ணு சூப்பரா பேசினா, சாந்தகுமார். அப்பா மாதிரியே வருவா. ஆபீஸ்ல என்ன, ரொம்ப பிஸியா?" என்றார்.

சாந்தகுமார் வழக்கமான சிரிப்போடு வாயைத் திறந்தார். அதற்குள் லீலா முந்திக்கொண்டாள்.

"அவருக்கு வேலை போய் எட்டு மாசம் ஆச்சு அங்கிள். நான்தான் யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தேன்."

சாந்தகுமார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, எங்கள் எல்லார் முன்னாலும் அழுதார்.