யாரோ ஒருத்தர் கால்

வீடு மாறுகிறவர்களின் கண்ணாடிச் சாமான்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவது அவளுடைய வேலை. தட்டோ தம்ளரோ பூச்சாடியோ, அவள் கையால் சுற்றினால் விரிசல் விழாது. அந்தப் பெட்டிகளையும் கட்டில் பீரோக்களையும் பிக்கப் வண்டியில் ஏற்றி அடுத்த வீட்டில் இறக்குவது அவள் புருஷனும் தம்பியும். தொழில் மூன்று பேருடையது, வண்டி மட்டும் புருஷனுடையது. அதை அவர் ஒருநாளும் யாரையும் மறக்க விட்டதில்லை.

தெருவே அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிட்டது. கப்பலும் கிடையாது, ராணுவமும் கிடையாது. எங்கே எது தப்பாகப் போனாலும் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று முதல் குரல் கொடுப்பவர், அதற்காக வைத்த பேர். அதில் கிண்டல் இருப்பது அவருக்குக் கடைசிவரை உறைக்கவில்லை. வண்டியின் முன்கண்ணாடியில் அந்தப் பேரையே எழுதி ஒட்டிக்கொண்டார் என்றால் பாருங்கள்.

சும்மா சொல்லக்கூடாது, வண்டியைக் கவனித்ததில் பாதி பெண்டாட்டியைக் கவனித்திருந்தால் அவள் மகாராணிதான். ஞாயிற்றுக்கிழமையானால் அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்கு ஓடும் நீள ஷாஃப்டின் ஜாயிண்டுகளுக்குக் கிரீஸ் அடிப்பார். கியர் ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்து, இரும்புப் பொடி நெருடுகிறதா என்று பார்ப்பார். எல்லாம் செய்தும் என்ன, கிளட்ச் மட்டும் அவருக்கு நிலைக்கவில்லை. ஊரில் மற்றவர்கள் வருஷக்கணக்காக ஓட்டுகிற கிளட்ச் பிளேட், கேப்டன் வண்டியில் அடுத்த மழைக்குள் கருகிவிடும்.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா அம்மா இல்லாத அவள் கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடப் பையோடு கூடவே வந்தவன் அவன். அவளுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருந்தால் அது அவன் ஒருவன்தான். வளர்ந்து ஆளாகி லைசென்ஸும் எடுத்தான். கேப்டனுக்கு இடுப்புப் பிடித்துக்கொள்கிற நாட்களில் அவன் ஓட்டுவான், மற்ற நாளெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து திட்டு வாங்குவான். அவள் எப்போதும் பின்னால் சாமான்களோடு வருவாள்.

விதி பாருங்கள், கிளட்ச் முழுசாகக் கைவிட்ட அன்று ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் தம்பி. பாலத்து மேட்டில் பாதி ஏறியதும் இன்ஜின் உறுமியதே தவிர வண்டி நகரவில்லை. கருகல் நாற்றம் மூக்கைத் துளைத்தது. வண்டி பின்னால் உருண்டு, பிரேக் பிடித்து நின்ற உதறலில் யாரோ ஒரு மகராசியின் பீரோக் கண்ணாடி சுக்குநூறானது. வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள்.

அன்று சாயங்காலம் கேப்டன் வாசலிலேயே ஆரம்பித்தார்.

"மெக்கானிக்கே சொல்லிட்டான்! உன் தம்பி காலைத் தூக்கி கிளட்ச் மேலயே வெச்சுக்கிட்டு ஓட்டுறானாம். அப்படி வெச்சா பிளேட்டு தேயாம என்ன செய்யும்? இத்தனை நாள் என் காசைக் கரியாக்கினது யாருன்னு இப்பத் தெரிஞ்சுதா? சோறு போட்ட கைக்கு இதான் மரியாதையா?"

தெருவில் நாலு ஜன்னல் திறந்தது. தம்பி கைலியை இறுக்கிக்கொண்டு நின்றானே தவிர வாயைத் திறக்கவில்லை. அவள் நடுவில் புகுந்தாள். யாருக்காகப் புகுந்தாள் என்பதுதான் கேள்வி.

"மாமாகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடுடா. இதோட முடிஞ்சு போயிடும்."

தம்பி அவளை ஒருமுறை பார்த்தான். உள்ளே போய் நாலு சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு போய்விட்டான். கோபம் தணிந்ததும் வந்துவிடுவான் என்று அவனுக்கும் சேர்த்தே உலை வைத்தாள். வரவில்லை. வேறு ஊரில் ஒரு குடோனில் லாரி ஓட்டுகிறான் என்று பிறகு தெரிந்தது. போன் செய்தால் "நல்லா இருக்கேன்கா" என்பதற்கு மேல் பேச மாட்டான்.

கிளட்ச் மாற்றிய பிறகும் வண்டி சரியாக இல்லை. தேய்ந்த கிளட்சோடு கியரை அடித்து அடித்துப் போட்டதில் கியர்பாக்ஸும் ஊளையிட ஆரம்பித்திருந்தது. மெக்கானிக் பொறுமையாகத்தான் சொன்னார்.

"இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு கேப்டன். கியர்பாக்ஸைப் பிரிச்சு பேரிங்கும் தேஞ்ச பல்சக்கரமும் மாத்திட்டா இன்னும் ரொம்ப நாள் ஓடும். வண்டிய மாத்துறது உங்க இஷ்டம், ஆனா தேவையில்ல."

"மச்சான் கால் பட்ட வண்டி எனக்கு வேணவே வேணாம்" என்றார் கேப்டன். பழையது போனது, கடனில் புதுசு வந்தது. அதிலும் அதே பேர் ஒட்டப்பட்டது.

தம்பி இல்லாததால் வழி பார்க்கவும் இறங்கிக் கை காட்டவும் அவள் முன்சீட்டுக்கு வர வேண்டியதாயிற்று. இத்தனை வருஷத்தில் அவள் முன்னால் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. கேப்டனுக்கு நல்ல குஷி. ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். அவளுக்கு வெகுநாளாக மனசில் கிடந்த ஒன்றைக் கேட்டாள்.

"இதுல கிளட்ச்சுங்கறது எது?"

"அதுகூடத் தெரியாதா? இதோ, என் இடது கால் இருக்கு பாரு, அதுக்குக் கீழ இருக்கே, அதான்."

குனிந்து பார்த்தாள். வண்டி நேர்ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. கியர் மாற்றவில்லை, நிறுத்தவும் இல்லை. செருப்போடு அந்தக் கால் திண்டில் சாய்த்துப் போட்ட மாதிரி பெடல் மேல் கிடந்தது. அடுத்த தெருவிலும் அங்கேயே கிடந்தது. வீடு வரும்வரை அவள் அந்தக் காலையேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். ஓட்டத் தெரியாத நமக்கு என்ன தெரியும், வேறு ஏதாவது இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இத்தனை வருஷம் அந்த வீட்டில் அவள் பழகிய வித்தையே அதுதானே.

வருஷம் திரும்புவதற்குள் புது வண்டியிலும் அதே கருகல் நாற்றம். பட்டறையில் கேப்டன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அவள் மெக்கானிக்கிடம் போனாள்.

"அண்ணே, அன்னைக்கு என் தம்பி கிளட்ச்ல கால் வெச்சு ஓட்டுறான்னு நீங்கதானே சொன்னீங்க? இப்போ அவன் இல்லையே. இது எப்படிப் போச்சு?"

மெக்கானிக் திடுக்கிட்டார்.

"ஐயோ, நான் எங்கம்மா உங்க தம்பியைச் சொன்னேன்? யாரோ கால் வெச்சு ஓட்டுறாங்க போலன்னுதான் சொன்னேன். கேப்டனைத்தான் சொன்னேன். மூஞ்சிக்கு நேரா 'நீங்க'ன்னு எப்படிச் சொல்றது? இத்தனை வருஷ வாடிக்கை. புரிஞ்சுப்பாருன்னு நினைச்சேன்."

நல்ல மரியாதை! தூக்கி அடுப்பில் போடு அந்த மரியாதையை. வாடிக்கை கெட்டுவிடக்கூடாது என்று ஒருவர் 'யாரோ' என்றார். இன்னொருவருக்கு அந்த 'யாரோ' தானாக இருக்கும் என்று கனவில்கூடத் தோன்றவில்லை. நடுவில் அவளுடைய பிறந்த வீடு பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

வண்டி சரியாகி வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் சொல்லியே விட்டாள்.

"காலை அதுலேர்ந்து எடுங்க."

"எதுலேர்ந்து?"

"கிளட்ச்சுலேர்ந்து. நீங்கதான் வெச்சிருக்கீங்க. எப்பவும் நீங்கதான் வெச்சிருந்தீங்க. அவன் இல்ல."

கேப்டன் கீழே பார்த்தார். அவளுக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கைகூட வந்தது. கால் பெடலை விட்டு இறங்கியது. அடுத்த சிக்னல் தாண்டியதும், அதுபாட்டுக்குப் பழையபடி மேலே ஏறி உட்கார்ந்தது.

"இந்த மாடலே சரியில்ல" என்றார். "பெடலைக் கொண்டுவந்து காலுக்கு அடியிலயே வெச்சிருக்கான் மடையன். கடன் முடியட்டும், மாத்திடலாம்."

அவள் வீட்டுக்கு வந்து, கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு தம்பிக்குப் போன் செய்தாள். அவன் எடுத்ததும் மூச்சு விடாமல் கொட்டினாள். மெக்கானிக் சொன்னது, கால், யாரோ, எல்லாம்.

"உன் மேல தப்பே இல்லடா. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"எனக்கு எப்பவோ தெரியும்கா. பக்கத்துலயே உக்காந்து பார்த்தவன்தானே."

"அப்போ ஏன்டா அன்னைக்கு வாயத் திறக்கல?"

"நீ அந்த வீட்டுல இருக்கணுமே. நான் சொல்லிட்டுப் போயிட்டா அவர் உன்னைத்தானே வறுத்து எடுப்பாரு."

அவள் அழுதாள். "வந்துடுடா. மாமா திட்டினத மனசுல வெச்சுக்காதடா."

"அவர் திட்டினதுக்கெல்லாம் நான் போகலக்கா. அவர் யாரைத்தான் திட்டல? என்னை ஒரு வார்த்தை கேக்காம, மன்னிப்பு கேளுன்னு நீ சொன்னே பாரு, அதுக்குத்தான் போனேன்."

அந்தப் பக்கம் யாரோ லாரிக் கதவை அடைக்கிற சத்தம் கேட்டது. "லோடு ஏத்திட்டாங்க, கிளம்பணும்" என்று சொல்லிவிட்டு அவன் போனை வைத்தான்.