கணினி அறிவு: இல்லை

பெயர்: வி. கனகலட்சுமி. வயது: நாற்பத்து மூன்று. கல்வித் தகுதி: ஒன்பதாம் வகுப்பில் இடைநின்றவர். தொழில்: இல்லத்தரசி. கணினி அறிவு: இல்லை.

இந்தக் கடைசி வரியை நிரப்பியது வேறு யாருமல்ல, கனகலட்சுமியேதான். ‘ஆம்’ என்று அழுத்திப் பார்த்தாள். சான்றிதழ் எண் கேட்டது. எண் இல்லாத அறிவை அந்தப் படிவம் அறிவென்று ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே ‘இல்லை’ என்பதை அழுத்தினாள். தன் புகைப்படத்தை ஐம்பது கேபிக்குள் சுருக்கினாள், கையெழுத்தை ஸ்கேன் செய்தாள், எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி ஏற்றினாள். மூன்று நிமிடத்தில் கணினி அறிவு இல்லாதவளாக முறைப்படி பதிவாகிவிட்டாள். அவள் இருந்த தெருவில் அத்தனை வேகமாகத் தன் அறியாமையைப் பதிவு செய்யக்கூடியவர் வேறு எவரும் இல்லை.

வண்டியூர் தெப்பக்குளத்தின் கீழ்க்கரையில் பாதுஷாவின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஜெராக்ஸ் எடுக்கத்தான் அவளை வேலைக்குச் சேர்த்தார். உள்ளே கணினிக்கு முன் உட்கார்ந்திருந்தவன் ஒருநாள் துபாய்க்கு விமானம் ஏறிவிட, காலியான நாற்காலியில் ஒரு மத்தியானம் அவள் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஏழு வருடமாக அந்த நாற்காலியை வேறு யாரும் கேட்கவில்லை. வருமானச் சான்று, பாஸ்போர்ட், கல்லூரி விண்ணப்பம், கல்லூரி முடித்தவர்கள் வேலைக்குப் போடும் விண்ணப்பம், அந்த வேலை கிடைக்காதவர்கள் மறுபடி போடும் விண்ணப்பம் என்று அவள் கை படாத படிவம் அந்தப் பக்கத்தில் அபூர்வம்.

இதையெல்லாம் அவள் எங்கே படித்தாள் என்று கேட்டால், பள்ளிக்கூடத்தில் இல்லை என்பது மட்டும் நிச்சயம். ஆனால் கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் அவள் படித்த பள்ளியில் கணினி இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. யாரோ ஒரு புண்ணியவான் நன்கொடையாகக் கொடுத்தது. அதற்குத் தனி அறை, தனிப் பூட்டு, பூப்போட்ட துணிப் போர்வை எல்லாம் உண்டு. சரஸ்வதி பூசையன்று அறையைத் திறந்து, அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பிள்ளைகளை வரிசையாக விட்டு ஒருமுறை தொட்டுக் கும்பிடச் சொல்வார்கள். கனகலட்சுமி மூன்று முறை கும்பிட்டிருக்கிறாள். ஒன்பதாம் வகுப்பில் அவள் அப்பா போதும் என்று நிறுத்தியபோது பள்ளி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் மேற்கொண்டு இரண்டு மாதம் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தாள்.

இரண்டாவது பள்ளிக்கூடம் கைக்குள் வந்தது. குட்டியானை வண்டியில் சரக்கு ஓட்டும் கணவன் விருமாண்டி, சீரியல் பார்க்கட்டும் என்று ஒரு ஃபோன் வாங்கிக் கொடுத்தான். அதில் அவள் வீடியோ வாத்தியார்களைக் கண்டுபிடித்தாள். அந்த வாத்தியார்களை நடுவில் நிறுத்தலாம். சொன்னதையே பத்து முறை சொல்ல வைக்கலாம். மெதுவாகப் பேச வைக்கலாம். பிரம்பு அவர்கள் கையில் இருந்தாலும் கண்ணாடியைத் தாண்டி வராது. எக்செல் கற்றுத் தந்தவர் இந்தியில் பேசினார். ஒரு வார்த்தை புரியவில்லை. அம்புக்குறி எங்கே போகிறது என்று மட்டும் பார்த்தாள்; அதுவே போதுமானதாக இருந்தது.

இணையம் ஞானக் கடல் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வெண்டைக்காய் ஊறிய தண்ணீர் சர்க்கரையைக் கரைக்கும் என்று அதே ஃபோன்தான் அவளுக்குச் சொன்னது. விருமாண்டி நாற்பது நாள் குடித்தான். அவனுக்குச் சர்க்கரையே இல்லை என்பது நாற்பத்தோராவது நாள் தெரிந்தது. அதுபோலப் பள்ளியும் ஒன்றும் தரவில்லை என்றால் அநியாயம். ஆறாம் வகுப்பில் வாய்ப்பாட்டைக் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி கத்திச் சொல்ல வைத்தார்கள். எண்களை அத்தனை தெளிவாகச் சொல்லும் தொண்டை அங்கே வந்ததுதான்.

அந்தத் தொண்டைக்குக் கடையில் வேலை இருந்தது. விண்ணப்பம் போட வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் ஃபோன் நம்பர் தெரியாது. தெரிந்தவர்கள் ரீசார்ஜ் போட்டிருக்க மாட்டார்கள். போட்டவர்கள் ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார்கள். வெறுத்துப்போன கனகலட்சுமி எல்லாப் படிவத்திலும் தன் நம்பரையே போட்டுவிடுவாள். வண்டியூருக்கு வருகிற ஓடிபி எல்லாம் அவள் ஃபோனில்தான் வந்து இறங்கும். சத்தமாக வாசிப்பாள், வேலை முடியும். இது தப்பு என்று எந்த வீடியோவும் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் வேறு வழியில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததில் விதி ஒன்று வந்தது. கணினி நாற்காலியில் உட்காருகிறவரிடம் அடிப்படைக் கணினிப் பயிற்சிச் சான்றிதழ் இருக்க வேண்டும். நாலாம் மாதக் கடைசி வரை கெடு.

“தங்கச்சி, அந்தக் காகிதத்த மட்டும் வாங்கிப்புடு” என்றார் பாதுஷா. “இல்லாட்டி நான் என்ன செய்ய? செல்வக்குமாரு வேற ரெண்டு வாட்டி வந்து கேட்டுட்டான்.”

செல்வக்குமார் பி.இ. மெக்கானிக்கல். அந்தச் சான்றிதழும் கையில் வைத்திருந்தான். அவனுடைய இருபத்தாறு வேலை விண்ணப்பங்களும் கனகலட்சுமி போட்டவை. இந்த நாற்காலிக்கான விண்ணப்பத்தையும் அவளிடமே எழுதித் தரச் சொல்லலாமா என்று அவன் யோசித்தது உண்மை. வெட்கம் தடுத்துவிட்டது.

முதலில் சொன்ன படிவத்தை நிரப்பி, அவள் மூன்று மாதப் பயிற்சியில் சேர்ந்தாள். சொல்லிக் கொடுத்தவள் சரண்யாதேவி, எம்.சி.ஏ., எம்.ஃபில். முதல் மாதம் கணினியின் தலைமுறைகள். இரண்டாம் மாதம் அதன் உறுப்புகள். அதில் ஃப்ளாப்பிக்கு மட்டும் இரண்டு நாள். மூன்றாம் மாதம்தான் அதை ஆன் செய்தார்கள்.

“கணினியின் தந்தை யாருன்னு கட்டாயம் கேப்பாங்கக்கா. மனப்பாடம் பண்ணிக்கங்க.”

“தாயி யாரு டீச்சர்?”

“சிலபஸ்ல இல்லக்கா.”

செய்முறையில் ஒருநாள் கனகலட்சுமி இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்திப் பிரதி எடுத்தாள். சரண்யாதேவி தலையில் கை வைத்துக்கொண்டாள். “அக்கா, நோட்ஸ்ல மெனுவுக்குப் போயி, எடிட்டுக்குப் போயி, அப்பறந்தான் காப்பின்னு இருக்கு. நீங்க பாட்டுக்குச் சுருக்கமாச் செஞ்சா மார்க் போயிரும்.” கனகலட்சுமி பணிந்தாள். மெதுவாக வேலை செய்யப் பழகுவதுதான் அந்தப் பயிற்சியில் அவளுக்குக் கடினமாக இருந்தது. ஆனாலும் தேறிவிடுவாள் என்று சரண்யாதேவியே ஒப்புக்கொண்டாள்.

தேர்வு ஒரு சனிக்கிழமை, நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில், பத்தரையிலிருந்து ஒன்றரை வரை. வாசலில் ஆளைச் சரிபார்க்க அவரவர் ஃபோனுக்கே ஒரு ஓடிபி வரும். சொல்லிவிட்டு ஃபோனைக் கூடையில் போட்டுவிட வேண்டும். முடிந்த பிறகுதான் கைக்கு வரும்.

அதே வாரம் கல்லூரிச் சேர்க்கைக்குக் கடைசி வாரம். கடையில் நாற்பத்தோரு பிள்ளைகளின் விண்ணப்பம் நிரப்பித் தயாராக இருந்தது. கடைசிப் பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி. ஆனால் வியாழக்கிழமையிலிருந்து சர்வர் படுத்துவிட்டது. ஊருக்கே உயர்கல்வி தரக் கிளம்பிய அந்தச் சர்வரால் இரண்டு நாள் எழுந்து உட்கார முடியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணி வரை நீட்டிப்பு என்று அறிவித்தார்கள். எழுந்தபாடில்லை.

சனிக்கிழமை காலை கனகலட்சுமி பெரியார் நிலையத்தில் பஸ் மாறி, காளவாசல் தாண்டும்போது சர்வர் எழுந்துவிட்டது. பாதுஷாவின் குரல் ஃபோனுக்குள் குதித்தது.

“தங்கச்சி! வந்துருச்சு! செல்வக்குமார ஒக்கார வச்சுருக்கேன். அவென் அமுக்குறான், ஓடிபி ஒனக்குல்ல வருது! பத்து நிமிசத்துல போடலேன்னா செத்துருமாமே?”

“ஆமா பாய். எம்புட்டுப் பேரு நிக்கிறாக?”

“அம்புட்டுப் பேரும் கடைக்குள்ளதான். மூச்சு விட எடமில்ல. நீ பரிச்சைய எழுதிட்டு வெரசா வந்துரு தாயி.”

“ஒன்றரைக்குத்தான் பாய் விடுவாக.”

மறுமுனையில் பாதுஷா கணக்குப் போட்டார். ஒரு மணிக்குக் கெடு, ஒன்றரைக்கு ஃபோன். “யா அல்லா” என்றார்.

கல்லூரி வாசலில் மேசை போட்டு, பக்கத்தில் கூடை வைத்து, சரண்யாதேவி உட்கார்ந்திருந்தாள். கனகலட்சுமி தன் ஓடிபியைச் சொன்னாள். பதிவேட்டில் பேருக்கு நேரே இடம் காத்திருந்தது.

“கையெழுத்துப் போட்டுட்டு, ஃபோன ஆஃப் பண்ணிக் கூடைல போடுங்கக்கா.”

“டீச்சர், ஒரு உதவி. ஃபோனு உங்ககிட்டயே இருக்கட்டும். ஒரு நம்பருக்குப் பத்து செகண்டு. வர்ற ஓடிபிய மட்டும் கடைக்கு வாசிச்சுச் சொல்லிருங்க.”

“ஐயய்யோ, கேமரா இருக்குக்கா. ரூல்ஸ்னா ரூல்ஸ்.” சரண்யாதேவி சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அக்கா, உங்க கடைல இருக்குற காலேஜ் விண்ணப்பத்துல என் தங்கச்சி முனியாயியோடதும் இருக்கு. பாட்டி பேர வச்சுட்டாங்க, பாவம். அவளோடது போயிருச்சான்னு மட்டும் பாத்துட்டு ஆஃப் பண்றீங்களா?”

கனகலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க எம்.சி.ஏ. படிச்சுருக்கீகளே டீச்சர். வீட்லயே போட்டுருக்கலாமே?”

“நம்ம போட்டு ஏதாச்சும் தப்பாயிருச்சுன்னா? அதான் உங்ககிட்டயே அனுப்பிட்டேன்.”

ஃபோன் அவள் உள்ளங்கையில் அதிர்ந்தது. முதல் எண் வந்துவிட்டது. பின்னாலேயே செல்வக்குமாரின் அழைப்பு. “அக்கா, வந்துருச்சா? என்ன நம்பருக்கா? சனோபர்னு ஒரு பொண்ணு, அழுகுதுக்கா.”

“உள்ள போனா வெளிய வர முடியாதுல்ல டீச்சர்?”

“முடியாதுக்கா. பத்தரைக்குக் கதவச் சாத்திருவோம். அடுத்த பரிச்சை ஆறு மாசங்கழிச்சுத்தான். சான்றிதழ் இல்லாம அங்க ஒக்கார முடியாதுன்னீங்களே?”

“ஆமா, முடியாது” என்றாள் கனகலட்சுமி. கையெழுத்துப் போடாமலே பேனாவை மேசையில் வைத்தாள். “நான் வாரேன் டீச்சர். ஒங்க தங்கச்சிது இருபதாவதா வரும்னு நெனைக்கிறேன். போனதும் மெசேஜ் போடுறேன்.”

“என் ஃபோனும் ஆஃப்ல இருக்கும்க்கா” என்றாள் சரண்யாதேவி, அழாக்குறையாக.

பத்தரைக்குக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே முதல் கேள்வி, கணினியின் தந்தை யார் என்பதுதான். வெளியே பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுப் பலகையில், வாய்ப்பாடு சொல்லும் குரல் கேட்டது. நாலு, எட்டு, சைபர். ஒண்ணு, ஒண்ணு, ஏழு. பஸ்ஸுக்கு நின்ற பெரியவர் ஒருவர், புத்தி பிசகிய பொம்பளை என்று எண்ணி ஒரு பலகை தள்ளி உட்கார்ந்தார். நடுவில் சார்ஜ் குறைந்தது. டீக்கடையில் வயரைக் கேட்டு வாங்கிச் சொருகிக்கொண்டு, சுவரோரம் குனிந்தபடி மீதியைச் சொன்னாள். செல்வக்குமார் ஒருமுறை தப்பாகத் தட்டினான். “தம்பி, பதறாதப்பா. திருப்பிக் கேளு” என்று வீடியோ வாத்தியாரின் பொறுமையுடன் மறுபடி சொன்னாள்.

தேர்வுப் பதிவேட்டில் அவள் பேருக்கு நேரே ‘வரவில்லை’ என்று எழுதியிருக்கிறது. மாதக் கடைசியில் அந்த நாற்காலி செல்வக்குமாருக்குப் போனது. அவனுடைய சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார் பாதுஷா. கனகலட்சுமி மறுபடி ஜெராக்ஸ் மிஷினுக்குப் போய்விட்டாள். அடுத்த தேர்வுக்கு மறுபடி பதிந்தாள். படிவத்தின் கடைசி வரியில் முன்பு போட்டதையே போட்டாள்.

அந்தச் சனிக்கிழமை பத்தரை மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில், நாற்பத்தோரு பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பங்களையும் ஒன்று விடாமல் கனகலட்சுமி போய்ச் சேர வைத்தாள்.