எண்ணாமல் வாங்கிய காசு

வாகனம் திருத்துகிற ஆள் காசு வாங்கக்கூடாது. இப்போது யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். காசுப்பெட்டியை என்னிடம் தந்த நாளில் யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

கம்பனி யாழ்ப்பாணத்தில் பெரிய கடை வைத்து வாகனம் விற்கிறது. தீவுப் பக்கம் விற்ற வாகனங்களைக் கவனிக்க வேலணையில் ஒரு சின்னக் கிளை போட்டார்கள். இரண்டு மெக்கானிக். அதில் நான் மூத்தவன். மனேச்சர் கிழமையில் இரண்டு நாள் பட்டணத்தில் இருந்து வருவார். காசாளர் கிடையாது. இன்னொரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்கும் அளவுக்கு இந்தக் கிளை உழைக்காது என்றார்கள். கார்ட் இழுக்கிற மெஷின் ஒன்று தந்தார்கள். காற்றடித்தால் அதற்குச் சிக்னல் வராது. இங்கே காற்றடிக்காத மாதம் குறைவு.

அதனால் பெட்டியும் பில் புத்தகமும் கம்பனி முத்திரையும் என்னிடம் வந்தன. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். முத்திரையைக் கையில் வாங்கியபோது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டில் சொன்னேன்.

“கையைக் கழுவிப்போட்டுக் குத்துங்கோ,” என்றாள் மனைவி.

முதல் கிழமை எல்லோருடைய காசையும் எண்ணித்தான் வாங்கினேன். சுருவிலில் இருந்து ஒரு அக்கா வந்தா. தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவ. காருக்குப் புது பற்றரி போட்டோம். காசைத் தந்தா. மேசையில் வைத்து எண்ணினேன்.

“என்ன தம்பி, எண்ணுறீரோ?”

“ஒரு வழமைக்குத்தான் அக்கா.”

“உம்மடை அம்மா எத்தினை வருசம் என்னட்டைத் தபால் முத்திரை வாங்கினவ. ஒரு நாள் மிச்சக்காசை எண்ணிப் பாத்திருப்பாவோ? நீர் எண்ணும். நல்லாய் எச்சில் தொட்டு எண்ணும்.”

காத்திருந்த ஆட்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். தெரிந்த ஆள் தந்த காசை அந்த ஆளுக்கு முன்னாலேயே எண்ணினால், கள்ளன் என்று சொன்னதாகத்தான் எடுப்பார்கள். அதன் பிறகு வெளி ஆட்களின் காசை மட்டும் எண்ணினேன். ஊர் ஆட்கள் தொகையைச் சொல்லித் தருவார்கள். பில் பிரதியோடு சேர்த்துப் பெட்டிக்குள் போடுவேன். முத்திரை குத்திக் கொடுப்பேன். பின்னேரம் கதவு பூட்டிய பிறகு எண்ணுவேன். இரண்டு வருசம் ஒரு சதம் குறையவில்லை. ஒரு தடவை ஆயிரம் ரூபா கூட இருந்தது. சைக்கிளில் போய்த் திருப்பிக் கொடுத்தேன்.

பிறகு அவன் வந்தான். புங்குடுதீவுக்காரன், என் வயது. சின்ன வயதில், சண்டைக்காலத்தில், எங்கள் இரண்டு வீட்டுச் சனமும் இடம்பெயர்ந்து ஒரே வகுப்பறையில் இருந்தோம். நடுவில் அவன் அம்மாவின் சேலை ஒன்றைக் கட்டியிருந்தோம். வேறு மறைப்பு இல்லை. என் அப்பா செத்தபோது பாடையின் முன்பக்கத்தைத் தோளில் வாங்கியவன் அவன். எங்கள் கம்பனி வான் ஒன்றை மாதத் தவணை கட்டுகிற லீசிங்கில் எடுத்து, நயினாதீவுக் கோயிலுக்குப் போகிற சனத்தைக் குறிகட்டுவான் துறைக்கு ஏற்றி இறக்குகிறான்.

திருவிழா தொடங்க மூன்று நாள் இருக்கும்போது வானின் கிளச் போய்விட்டது. பட்டணத்தில் இருந்து சாமான் எடுப்பித்து, மத்தியானச் சாப்பாட்டையும் விட்டு, இரண்டு நாளில் முடித்தேன். பில் அறுபத்தெட்டாயிரத்து ஐந்நூறு.

“என்னடா மச்சான், வானைக் கழட்டிக் கடலிலை போட்டிட்டியோ?” என்றபடி வந்தான்.

“போட்டிருந்தால் உனக்கு நல்லது. போட் எண்டு சொல்லி ஓடலாம்.”

“அதுக்கும் நீ பில் போடுவாய்.”

சட்டைப் பையில் இருந்து காசுக் கட்டை எடுத்தான். சிவப்பு இறப்பர் பான்ட் போட்டிருந்தது.

“அறுபத்தெட்டு ஐந்நூறு. எண்ணு மச்சான். பேந்து என்னைக் கள்ளன் எண்டு சொல்லிப்போடாதை.”

சிரித்தான். நானும் சிரித்தேன். கட்டைப் பெட்டிக்குள் போட்டு முத்திரை குத்தினேன். பற்றுச்சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்தான். மற்ற நாளென்றால் சீற்றில் எறிந்துவிட்டுப் போகிறவன். எனக்கு அது அப்போது படவில்லை.

பின்னேரம் பெட்டியைத் திறந்தேன். அன்றைக்கு மூன்றே பில். மற்ற இரண்டும் வெளி ஆட்களுடையது, சரியாக இருந்தது. சிவப்புப் பான்ட் கட்டை அவிழ்த்தேன். நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு. மூன்று தடவை எண்ணினேன். மற்ற மெக்கானிக்கும் எண்ணினான். அதே தொகை.

அவனுக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. ஓட்டத்தில் இருக்கிறான் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் மனேச்சர் வந்தார். உள்ளதைச் சொன்னேன். அவர் தன் போனில் அவனுக்கு எடுத்து, எனக்கும் கேட்கிறமாதிரி மேசையில் வைத்தார்.

“ஓம் சேர், முழுக்காசும் குடுத்தனான்,” என்றான். “அவர் பற்றுச்சீட்டு எழுதித் தந்தவர். என்னட்டைக் கிடக்கு.”

“உங்களுக்கு முன்னாலை எண்ணினவரோ?”

“அது அவரின்ரை வேலையெல்லோ சேர்.”

அவர் என்றான். அத்தனை வருசத்தில் அவன் வாயில் நான் அவர் ஆனது அன்றைக்குத்தான்.

மனேச்சர் போனை வைத்தார். “நான் உம்மை நம்புறன். ஆனால் கடதாசி அவரின்ரை பக்கம் கிடக்கு. இண்டைக்குள்ளை பெட்டி சரியாகவேணும். இல்லாட்டி நான் மேலை எழுதவேணும். எழுதினால் உம்மடை வேலை நிக்காது.”

கிணற்றுக்கு மோட்டார் வாங்கச் சேர்த்த காசு வீட்டில் இருந்தது. அதை எடுத்து வைத்தேன். அந்தக் கோடை முழுக்க மனைவி வாளியால் தண்ணி அள்ளினாள்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து புங்குடுதீவுக்குப் போனேன். அவன் வானைக் கழுவிக்கொண்டு நின்றான். என்னைக் கண்டதும் குசினிப் பக்கம் மனைவியைப் பார்த்து, “தேத்தண்ணி போடப்பா,” என்றான்.

“இருபது குறைஞ்சுது,” என்றேன்.

“ஓம்.”

அவ்வளவு லேசாகச் சொல்வான் என்று நான் நினைக்கவில்லை.

“லீசிங்காரன் வந்து நிண்டவன் மச்சான். அவனுக்குக் குடுத்தாப் பிறகு கையிலை மிஞ்சினது அவ்வளவுதான்.”

“சொல்லியிருக்கலாமே.”

“சொன்னால் வானை விடுவியோ? உன்னாலை ஏலாது. கம்பனிச் சட்டம். திருவிழா ஓட்டம் முழுக்கப் போயிருக்கும்.”

“மனேச்சர் கேட்கேக்கை?”

குழாயைப் பூட்டினான். “கம்பனி தாங்கும் எண்டு நினைச்சன். உன்ரை தலையிலை விழும் எண்டு ஆருக்குத் தெரியும்?”

“எண்ணு எண்டு சொன்னியே.”

“சொன்னனான்தான். நீ எண்ணமாட்டாய் எண்டு தெரியும்.”

அவன் மனைவி தேத்தண்ணியோடு வந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். பதில் சொன்னேன். தேத்தண்ணியைக் குடித்தேன். திருவிழா முடியத் தாறன் என்றான். திருவிழா முடிந்தது. அவன் தரவில்லை. நானும் திரும்பப் போகவில்லை.

கதை எனக்கு முன்னே ஊருக்குப் போய்விட்டது. கம்பனிக் காசில் கை வைத்தவனாம், பிடிபட்ட பிறகு கட்டினவனாம். யார் சொன்னது என்று தேடவில்லை. சந்தையில் மீன் வெட்டுகிறவர், “அண்ணை, இண்டைக்குப் பெரிய மீனோ? உங்களுக்கென்ன,” என்று பகிடி விட்டார்.

சுருவில் அக்கா ஒயில் மாற்ற வந்தா. பில்லைக் கொடுத்தேன். கைப்பையில் இருந்து காசை எடுத்தா. எனக்கு முன்னால் ஒவ்வொரு தாளாக மேசையில் வைத்து, வாய்விட்டு எண்ணினா.

“பாத்தீரோ தம்பி? சரிதானே?”

“சரி அக்கா.”

அன்றைக்குப் பின்னேரம் மனேச்சருக்குப் போன் எடுத்தேன்.

“காசுப்பெட்டி எனக்கு வேண்டாம் சேர். அதுக்கு ஒரு ஆளைப் போடுங்கோ. திருத்திற ஆள் திருத்தட்டும்.”

“உமக்கு வேலை தெரியும். அது போதும்,” என்றார். அடுத்த மாதம் காசாளராக ஒரு பெண்பிள்ளையைப் போட்டார்கள். கண்ணாடி யன்னல் வைத்த கூடு, தாள் எண்ணுகிற மெஷின். ஊர்ச் சனம் காசைக் கொடுத்துவிட்டு, மெஷின் எண்ணி முடியும்வரை பேசாமல் நிற்கிறது. ஒருவருக்கும் கோபம் வரவில்லை. முதல் நாளே அந்தக் கூட்டைப் போட்டிருக்கலாம். இப்போது அதைப் பார்க்கிறவர்கள், பெட்டியை என்னிடம் இருந்து பறித்துவிட்டார்கள் என்கிறார்கள்.

மாரி தொடங்க அவன் வான் சேர்விசுக்கு வந்தது. வானின் திறப்பை மற்ற மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டுக் கதிரையில் இருந்து போனைப் பார்த்தான். மற்றவன் வேறு வாகனத்தில் வேலையாய் நின்றான். வான் எனக்கு வந்தது.

சேர்விஸ் புத்தகம் எடுக்க முன்சீற்றுக்கு முன்னால் இருக்கிற லாச்சியைத் திறந்தேன். புத்தகத்துக்கு மேலே பிளாஸ்ரிக் உறைக்குள் அந்தப் பற்றுச்சீட்டு. மடிப்பு நிமிர்த்தி வைத்திருந்தான். முழுத்தொகையும் பெறப்பட்டது என்று என் கையெழுத்து. பக்கத்தில் கம்பனி முத்திரை. ஓரத்தில் கறுப்பாக ஒரு பெருவிரல் அடையாளம். என்னுடையதுதான். அன்றைக்கு அவசரத்தில் கையைக் கழுவாமல் குத்தியிருக்கிறேன்.

உறையை இருந்த இடத்தில் வைத்தேன். ஒயில் மாற்றினேன். பில்டர் மாற்றினேன். முன் பிரேக் தேய்ந்திருந்தது, அதையும் போட்டேன். சனம் ஏறுகிற வான். போல்ட்டுகளை இரண்டாம் தரம் இறுக்கிப் பார்த்தேன்.

அவன் கண்ணாடிக் கூட்டுக்கு முன்னால் நின்று காசு கொடுத்தான். மெஷின் தாள்களை எண்ணுகிற சத்தம் கேட்டது. திரும்பி என்னைப் பார்த்தான்.

“அப்ப வாறன் மச்சான்.”

“ஓம்,” என்றேன். அடுத்த வாகனத்தின் பொனற்றைத் திறந்தேன்.