இருந்த ஒரே காது

காலை பத்து இருபதுக்கு அந்த அறைக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது டாக்டரம்மாவின் நெற்றியில் கட்டியிருந்த விளக்கு. அடுத்தது, மேசையடியில் இருந்த உறிஞ்சும் இயந்திரமும் அதிலிருந்து வந்த மெல்லிய குழாயும். காந்திபுரத்தில் ஒரு மாடியில் இருந்த சின்னக் காது ஆஸ்பத்திரி அது. எனக்கு ஒன்பது வயது.

கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் என் இடது காது போய்விட்டது. மிச்சமிருந்த வலது காதைக் காப்பாற்ற அம்மாவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: சோமனூரில் வீட்டை ஒட்டி, விசைத்தறிகள் இரைந்து ஓடும் எங்கள் "தறிக்குடோனு"க்குள் நான் போகும்போதெல்லாம், தறியடியில் கிடக்கும் கழிவுப் பஞ்சை உருட்டி, எண்ணெய் தொட்டு அந்தக் காதில் அடைத்துவிடுவார். அதில் ஓர் உருண்டை உள்ளே போய்த் தங்கி, சீழ் பிடித்து, டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிடுவதுகூடக் கேட்காமல் போயிருந்தது.

குழாய் காதுக்குள் போனதும் தலைக்குள் நாலு தறி ஓடுவதுபோல் இருந்தது. அலறிவிட்டேன்.

"பொறுத்துக்க கண்ணு, நம்ம தறிக்கு முன்னால இதெல்லாம் ஒரு சத்தமா?" என்றார் அம்மா.

டாக்டரம்மா இயந்திரத்தை நிறுத்தினார். "தறி ஓடுனா வெளிய வந்து நின்னுக்கலாமுங்க அம்மணி. இது காதுக்குள்ளயே ஓடுது, புள்ள எங்க போகும்? இருக்கறதே ஒரு காது. மருந்து ஊத்தி ஊறவெச்சு, இடுக்கியிலயே எடுத்துப்போடலாம். நாலு தடவ வரோணும்."

"நாப்பது தடவைன்னாலும் வாரனுங்க."

ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம், வெளியே காத்திருப்பவர்கள் முணுமுணுக்க, அவர் அவசரமே காட்டாமல் இழை இழையாக எடுத்தார். என் தலை அசைந்தால் கையை எடுத்துக்கொண்டு, அடங்கும்வரை காத்திருந்தார். அவ்வளவு நிதானமான கையை நான் பிறகு பார்த்ததில்லை.

நான்காம் முறை கடைசி இழையும் வந்ததும், எனக்குப் பின்னால் போய் நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "காலைல என்ன சாப்பிட்ட?" என்று கிசுகிசுத்தார்.

"இட்லிங்க" என்றேன்.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மா திகைத்தார். "டாக்டரம்மா இன்னும் ஒண்ணுமே கேக்கலியே கண்ணு, அதுக்குள்ள என்ன இட்லி?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அடுத்து நீங்க வந்து உக்காருங்க அம்மணி" என்றார்.

அந்த மாடியில் இன்று செல்போன் பழுதுபார்க்கும் கடை. எங்கள் தறிகள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. எனக்கு வலது காது நன்றாகக் கேட்கிறது. அம்மா இரண்டு காதிலும் கருவி வைத்திருக்கிறார்.