கடலூர் மாவட்டத்து ஓநாய்மனிதன்

மூன்று பேரைப் பயமுறுத்த நான் பட்ட பாட்டை வேறு எதற்காவது பட்டிருந்தால் அன்றைக்கே ஒரு அரசாங்க வேலை கிடைத்திருக்கும். 2008இல் சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கீழவீதிக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நாங்கள் நான்கு பேர் அங்கே கூடிக் கதை விளையாடுவோம். ஒருவன் கதை சொல்வான், மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் வீரர்கள். பூதத்தைப் பார்த்தால் ஓடுவதா வெட்டுவதா என்பதை அவர்கள் சொல்ல வேண்டும், வெட்டு விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கதை சொல்பவனுக்கு நாற்காலி, வீரர்களுக்குப் பாய். நாற்காலி என்னுடையதாக இருந்தது.

விதிப்புத்தகத்தைத் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டருகே இருந்த பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்திருந்தேன். மிருகமாக மாறும் மனிதர்களுக்கென்று அதில் தனி அத்தியாயமே இருந்தது. பௌர்ணமி வந்தால் ஓநாயாகிறவன், புலியாகிறவன், பன்றியாகிறவன். இவர்களில் ஒருவனை இறக்கினால் போதும், ஆடுபவர்கள் உறைந்துபோவார்கள் என்று எழுதியிருந்தது. எழுதியவர் என் ஆட்களைப் பார்த்ததில்லை.

என் ஆட்களில் வாய் நீளமானவன் கடலூர் முதுநகர்க்காரன். நான் கதையில் சுடுகாட்டைக் காட்டினால் அங்கே சுண்டல் விற்கிறார்களா என்று கேட்பான். ஒருநாள் அவன் பந்தயம் கட்டினான்.

"ஒரே ஒரு தடவ எங்கள பயமுறுத்திக் காட்டு மச்சான். இந்த செமஸ்டருக்குள்ள முடியலன்னா நாற்காலிய எங்கிட்ட குடுத்துடு."

அவனிடம் நாற்காலி போனால் எல்லா வீரர்களும் கடைசியில் பரோட்டா கடையில் போய் நிற்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒரு வருடமாகக் கட்டிய ராஜ்ஜியத்தைப் பரோட்டாவுக்குப் பலிகொடுக்க நான் தயாராக இல்லை. பந்தயத்துக்கு ஒத்துக்கொண்டேன்.

முதலில் ஓநாய்மனிதனை இறக்கினேன். இரும்பு அவனைத் தொடாது, வெள்ளி மட்டுமே கொல்லும். வெள்ளி ஆயுதத்துக்காக மலை ஏறிக் குகை குகையாக அலைய வேண்டும். அந்த அலைச்சலை மட்டும் ஒரு மாதத்துக்கு இழுக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஓநாய் ஊளையிட்டது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என் ஆளு அரணாக்கொடி போட்டிருக்கான்" என்றான் முதுநகர்க்காரன். "பொறந்ததுலேர்ந்து. வெள்ளி."

எந்த வீரனாவது இடுப்பில் அரைஞாண் இல்லாமல் இருப்பானா என்று மற்ற இருவரும் என்னைக் கேட்டார்கள். அப்படி இருந்தால் அவன் என்ன வீட்டுப் பிள்ளை என்றும் கேட்டார்கள். விதிப்புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. குகையும் இல்லை, மலையும் இல்லை, பத்தே நிமிஷத்தில் ஓநாயின் கழுத்தில் மூன்று அரைஞாண்கொடிகள் இறுகின. அவிழ்த்துவிட்டால் கோவணம் எதில் நிற்கும் என்று ஆத்திரத்தில் கேட்டேன். உயிர் போகிற நேரத்தில் அதைப் பார்க்க முடியுமா என்றார்கள்.

அடுத்தது புலிமனிதன். இரண்டு வாரம் உட்கார்ந்து ஜோடித்தேன். காட்டில் பூக்கள் சிதறிக் கிடக்கின்றன, ஈர மண்ணில் புலியின் கால்தடம், நிமிர்ந்தால் மனித முகம். சன்னதித் தெருவில் பிறந்து வளர்ந்த சிதம்பரத்துக்காரன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"வண்டு தொடுறதுக்கு முன்னாடி பூப்பறிக்க மரமேறணும்னு சாமிகிட்டயே புலிக்கால் வரம் வாங்குன முனிவருடா அவரு. உங்க ஊரு பேருல புலியூர் இருக்கு, எங்க ஊருக்கும் பழைய பேரு புலியூர்தான், ரெண்டும் அவராலதான். அவர வெட்டச் சொல்றியா?"

புலிமனிதன் அவன் மேல் பாய்ந்தான். அவன் கும்பிட்டான். மறுபடி பாய்ந்தான். பூக்கூடையைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று இவன் பணிவாகக் கேட்டான். அதற்கு மேல் எப்படிப் பாய்வது?

மூன்றாவதாகப் பன்றிமனிதனைக் கொண்டுவந்ததற்கு என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும். ஆட்டத்தில் மூன்றாமவன் ஸ்ரீமுஷ்ணத்துக்காரன் என்பதை யோசிக்கவே இல்லை. பன்றி முகத்தோடு பூமியையே தூக்கி வந்த பெருமாள் குடியிருக்கிற ஊர் அது. அவன் வீரன் வாளைக் கீழே வைத்துவிட்டு மடியிலிருந்து கோரைக்கிழங்கு உருண்டையை எடுத்து நீட்டினான், அந்தக் கோயில் பிரசாதம். பன்றி குத்திக் குடலைச் சரித்துவிட்டது என்றேன்.

"பெருமாள் குத்துனா குத்தட்டும்" என்று சாந்தமாகச் செத்துப்போனான். அந்த முகத்தில் இருந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

செமஸ்டரில் ஒரே ஒரு ஞாயிறு மிச்சம் இருந்தது. முதுநகர்க்காரன் நாற்காலிக்கு மெத்தை வாங்கலாமா என்று என்னிடமே விசாரித்தான். இந்த மாவட்டத்தில் எந்த மிருகத்தைத் தொட்டாலும் அதற்கு ஒரு கோயில் இருந்து தொலைக்கிறது. ஆகவே மிருகமே வேண்டாம், மனிதனே போதும் என்று முடிவு செய்தேன்.

இந்த முறை ஒரு கடைக்காரரைக் காட்டினேன். பகலில் தங்கமான மனிதர். ஊர்ப் பிள்ளைகளுக்குச் சும்மாவே மிட்டாய் கொடுப்பார், யார் வீட்டுச் சாவு என்றாலும் முதல் ஆளாக நிற்பார். விளக்கு வைத்த பிறகு மாறுவார். ரோமமும் கிடையாது, கோரைப்பல்லும் கிடையாது. அதே சட்டை, அதே கை. முகம் மட்டும் வேறு. வீரர்கள் மூவரும் அவர் வீட்டுக்குள் காத்திருக்கிறார்கள், கூடவே அவருடைய மனைவியும் இரண்டு பிள்ளைகளும்.

"வாசல் கேட் திறக்குது" என்றேன்.

முதுநகர்க்காரனின் கிண்டலுக்காக எல்லோரும் காத்திருந்தோம். அவன் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டான்.

"மெதுவா தொறந்தாரா, இடிச்சுத் தொறந்தாரா?"

அந்தக் குரலை நான் அவனிடம் அதுவரை கேட்டதில்லை. எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. கொஞ்சம் இலேசாக்கலாம் என்று, "மெதுவாத்தான்" என்றேன்.

"அப்ப ஜாஸ்தி கோவமா இருக்காரு" என்றான். "பசங்களப் படுக்கப் போடுங்க, தூங்குற மாதிரி கெடக்கட்டும். சோத்தத் தட்டுல போட்டு மூடி வைங்க. யாரும் பேசாதீங்க."

ஸ்ரீமுஷ்ணத்துக்காரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வாள எடு மச்சான், நம்ம மூணு பேரு இருக்கோமே" என்றான்.

"எடுத்தா அம்மாவதான் அடிப்பாரு."

கடைக்காரரின் மனைவி என்றுதான் நான் சொல்லியிருந்தேன், அம்மா என்று சொல்லவே இல்லை. அவன் பாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான், எங்கள் யாரையும் பார்க்கவில்லை. ஒரு செமஸ்டர் முழுக்க நான் கேட்டது இந்தப் பயத்தைத்தான், இப்போது அதைக் கண்ணால் பார்க்கப் பிடிக்கவில்லை. பகடையை யாரும் தொடவில்லை. நான் நாற்காலியிலிருந்து இறங்கி, டீ குடிக்கப் போகலாமா என்று கேட்டேன்.