தெல்ஃபின் சொல்லாத பெயர்

எங்கள் மலையூர் யானாருமியில் குடிக்காதவனை யாரும் முழுதாக நம்ப மாட்டார்கள். ஊர் வாய்க்காலைத் தூர்வாரி முடித்ததும் சோளக் கள் ஒரே குவளையில் சுற்றி வரும். வாங்கியவன் இரண்டு சொட்டை மண்ணுக்குப் படையலாக விட்டு, மிச்சத்தை ஒரே மூச்சில் இழுத்துவிட்டு, குவளையை அடுத்தவன் கையில் கொடுக்கவேண்டும். கை நீட்டாதவன் யார் மேலேயோ கறுவிக்கொண்டிருக்கிறான் என்பது எங்கள் முடிவு. தெல்ஃபின் நாவ்லா பதினெட்டு வருஷமாகக் கை நீட்டவில்லை.

அதற்கு முன்னால் என்னோடு குடித்தவன்தான். புனிதர் திருவிழாவில் இருவரும் ஒரே பள்ளத்தில் விழுந்து கிடந்திருக்கிறோம். பிறகு கரும்பு வெட்டக் கடலோரப் பக்கம் போனான். இரண்டு வருஷம் கழித்து ஒரு பைபிளோடு மலையேறி வந்தான். அவன் போகிற தகரக்கூரை சபையில் கிதார் அடித்துப் பாடுவார்கள். நாங்கள் பூசைக்குப் போகிறவர்கள். அவர்களை அல்லேலூயா என்போம். அவர்கள் எங்களை என்ன சொல்கிறார்களோ, நல்லதாக இருக்காது.

வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. எனக்கு உறுத்தியதே அதுதான். பொதுவேலைக்கு முதல் ஆளாக வருவான். தன் பங்கு முடிந்தாலும் பக்கத்துக்காரன் பங்கில் நாலு முழம் வெட்டிவிட்டுத்தான் மண்வெட்டியைத் தோளில் போடுவான். கடலோரப் பண்ணையில் மாட்டு வைத்தியருக்குக் கையாளாக இருந்தபோது ஊசி போடக் கற்றவன், ஊர் மாடுகளுக்கெல்லாம் சும்மாவே போடுவான். வேகவைத்த உருளைக்கிழங்கு கொடுத்தால் தின்பான். கொடுக்காவிட்டால் தொப்பியைத் தொட்டுவிட்டு நடையைக் கட்டுவான். ஒருத்தன் இவ்வளவு நல்லவனாக இருந்தால் எதையோ மூடி மறைக்கிறான் என்று என் மனைவி ஃபெலிசாவிடம் அடிக்கடி சொல்வேன். அவள் அடுப்பை ஊதப் போய்விடுவாள்.

பால் சொசைட்டியில் பால் வாங்கி ஊற்றுகிற வேலை அப்போது எனக்கு. விடிந்ததும் பெண்கள் வாளியோடு வரிசையில் நிற்பார்கள். மோந்து பார்ப்பேன், பால்மானி போட்டுப் பார்ப்பேன், பெரிய தொட்டியில் ஊற்றுவேன். நாற்பது வீட்டுப் பாலும் ஒன்றாகிவிடும். ஏழு மணிக்குக் கம்பெனி லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும்.

அந்த ஜூன் மாதம் தெல்ஃபின் வீட்டு வாளி எட்டு நாள் வரவில்லை. மாட்டுக்கு மடிநோய், ஊசி போட்டிருக்கிறது என்றான். ஊசி போட்ட மாட்டின் பால் ஐந்து நாளைக்குத் தொட்டிக்கு ஆகாது என்பதுதான் விதி. எட்டு நாள் நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவன் விடியற்காலையில் வேலியோரம் குழி வெட்டிப் பாலை ஊற்றுவதைப் பக்கத்து வீட்டு ரொசாலினோ பார்த்துவிட்டான். ஊருக்கே சிரிப்பு. அல்லேலூயா திருட்டுத்தனமாக மண்ணுக்குப் படையல் போடுகிறான் என்று கிண்டல். அவன் சபைப் போதகரே கூப்பிட்டு விசாரித்தாராம். பழைய பூமி பூசையெல்லாம் இன்னும் விடவில்லையா என்று.

ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, அவன் வாளி வந்தது. செவ்வாய்க்கிழமை தொட்டிப் பால் சோதனையில் தோற்றது.

செவ்வாய்தோறும் போட்டுப் பார்க்கிற சோதனைக் கீற்றை லாரி டிரைவர் என் மூக்குக்கு நேரே நீட்டினான். பால் நல்லதென்றால் கீற்றில் இரண்டு சிவப்புக் கோடு வரும். மருந்து கலந்திருந்தால் ஒன்றோடு நின்றுவிடும். ஒன்றுதான் வந்திருந்தது. முழுத் தொட்டியையும் சரிவில் திறந்துவிட்டோம். நாய்கள் கொண்டாடின. யார் மாடு என்று சனிக்கிழமைக்குள் கண்டுபிடித்து நிறுத்தவேண்டும், அதுவரை லாரி வராது, கண்டுபிடிக்காவிட்டால் இந்தப் பாதையையே விட்டுவிடுவோம் என்று கம்பெனி சொன்னதாகச் சொன்னான். போகும்போது, பழகின தோஷத்துக்கு, மிச்சமிருந்த இரண்டு கீற்றை என் கையில் திணித்துவிட்டுப் போனான்.

மத்தியானமே ஊர்க்கூட்டம். தலைவர் அவெலினோ மணி அடித்ததும் முதலில் எழுந்தவன் நான். எட்டு நாள் மறைத்து வைத்த மாடு, ஒன்பதாம் நாள் பால், பத்தாம் நாள் நாசம். குழந்தைக்குக்கூட விளங்கும் என்று கத்தினேன். தெல்ஃபின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. பரிதாபப்படுகிற மாதிரி இருந்தது.

தன் பாலில் மருந்து இல்லை என்றான். அவெலினோ விடவில்லை.

“சரிப்பா, உன்னுது இல்லேன்னா வேற யாருது? ஊசி போடுறவன் நீ. உனக்குத் தெரியாமயா?”

தெல்ஃபின் நிமிர்ந்தான். “தெரியும் தலைவரே.”

அவெலினோ முன்னால் சாய்ந்தார்.

“தெரிஞ்சா சொல்லேன்.”

“சொல்லமாட்டேன். அவங்ககிட்ட தனியா பேசியாச்சு. அவங்களே சொல்லட்டும்.”

“பைபிளை வெச்சுக்கிட்டு எங்களுக்கே வித்தை காட்டுறான்யா” என்று பின்னாலிருந்து ரொசாலினோ சொன்னான். எனக்கும் அதே எண்ணம்தான். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பேர் விட்டிருப்பார்கள். தெரியும் என்று சொல்லிவிட்டு வாயை மூடுகிறவன் திருடனாக இருக்கவேண்டும், இல்லை பைத்தியமாக இருக்கவேண்டும். சனிக்கிழமைக்குள் பெயர் சொல்லாவிட்டால் அவன் வீட்டுப் பாலை இனி ஒருபோதும் தொட்டியில் சேர்ப்பதில்லை என்று நான் சொல்ல, எல்லாரும் கை தூக்கினார்கள். அவனுக்கு நாலு மாடு. பாலை விட்டால் வேறு பிழைப்பில்லை. அவனுடைய சபைக்காரர்கள் இரண்டு பேர்கூடக் கை தூக்கினார்கள். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

புதன்கிழமை காலை, பால் கறக்கும் நேரத்துக்கு அவன் தொழுவத்தில் போய் நின்றேன். ஒரு கோப்பைப் பால் வேண்டும் என்றேன். எந்த மாடு என்றுகூடக் கேட்காமல், மடிநோய் வந்த மாட்டிலிருந்தே கறந்து கொடுத்தான். கீற்றை நனைத்து, குளிரில் கெட்டுவிடாமல் போர்வைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிஷத்தில் இரண்டு கோடும் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை இருந்த மருந்து புதன்கிழமைக்குள் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன். சந்தேகம் பிடித்தவனுக்குச் சாக்கா கிடைக்காது?

லாரி வராததால் ஊரில் எல்லா வீட்டிலும் பாலாடைக்கட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். வியாழக்கிழமை வீட்டுக்குள் நுழையும்போதுதான் உறைத்தது, எங்கள் வீட்டில் மட்டும் அந்த வாசனையே இல்லை. ஃபெலிசா புள்ளிச்சியின் பாலைப் பன்றித் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். புள்ளிச்சி அவள் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த மாடு.

ஏன் பன்றிக்கு என்று கேட்டேன்.

“இளைச்சுப் போச்சு” என்றாள். பன்றியைப் பார்த்தேன். எழுந்து நிற்க முடியாத அளவு கொழுத்திருந்தது.

மிச்சமிருந்த கீற்றை வாளியின் அடியில் நனைத்தேன். அவள் என்னைத் தடுக்கவில்லை. போர்வைக்குள் வைத்துக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்தேன். ஒரு கோடு வந்தது. அடுத்தது வரட்டும் வரட்டும் என்று பார்த்தேன். வரவில்லை.

“நீதானே சொன்னே, புள்ளிச்சிக்கு இன்னொரு தடவை மடி வீங்குச்சுன்னா கசாப்புக்காரன்கிட்ட ஓட்டிருவேன்னு” என்றாள். “ஞாயித்துக்கிழமை நீ டவுனுக்குப் போனப்ப தெல்ஃபினைக் கூப்பிட்டு ஊசி போட்டேன். வாளி குறைஞ்சா நீ கேப்பே. நாற்பது வீட்டுப் பால்ல ஒரு வாளி, என்ன தெரியப் போவுதுன்னு நெனச்சேன்.”

திங்கட்கிழமையே தெல்ஃபின் அவளை வரிசையில் பார்த்திருக்கிறான். அன்று சாயங்காலம் எங்கள் கிழங்குக் காட்டுக்கு வந்து, அக்கா நீங்களே அண்ணன்கிட்ட சொல்லிருங்க, நான் சொல்லமாட்டேன், ஆனா கேட்டா பொய்யும் சொல்ல வராது எனக்கு என்றிருக்கிறான். கூட்டத்தில் அவன் என்னை அப்படிப் பார்த்ததற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை அங்கேதான் அறிந்துகொண்டிருக்கிறான்.

நான் யோக்கியனைப் போல எழுதக்கூடாது. அன்றும் மறுநாளும் என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். பேசாமல் இருந்துவிட்டால் என்ன? புள்ளிச்சியின் பால் இன்னும் ஓரிரு நாளில் சுத்தமாகிவிடும். தெல்ஃபினை விலக்கியதாகக் கம்பெனிக்குச் சொன்னால் லாரி வந்துவிடும். வேலையும் மானமும் என்னிடமே இருக்கும். ஆனால் அவன் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறான்? நாளைக்கு என் கழுத்தில் போட ஒரு கயிறு திரித்து வைத்துக்கொள்கிறானா?

வெள்ளிக்கிழமை அவன் கிழங்கு தோண்டும் இடத்துக்கே போனேன்.

“உனக்கு என்னதான்டா வேணும்?”

நிமிரவில்லை. “எனக்கு ஒண்ணும் வேணாம்ணே. தெரிஞ்சிருச்சா?”

“நான் நாளைக்கு வாயைத் திறக்கலேன்னா?”

“கன்னுக்குட்டிங்க வயிறு நிறையக் குடிக்கும். மிச்சப் பாலுக்குப் பன்னி வாங்கணும்.” ஒரு கிழங்கைத் துடைத்துக் கூடையில் போட்டான். “சபையிலயும் ரெண்டு பேரு முகம் குடுத்துப் பேசமாட்டேங்கிறாங்க. அது மட்டும்தான் கஷ்டமா இருக்கு.”

“அப்ப பேரைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

“தப்பு பண்ணினவங்ககிட்ட முதல்ல தனியாப் போய்ச் சொல்லுன்னு வேதத்துல இருக்கு. ஊரைக் கூட்டுறது அப்புறம்தான். எனக்கு அதுவரைக்கும்தான் தெரியும்ணே, அதுக்கு மேல பெரிசா படிக்கல.”

அவனுடைய கையைப் பார்த்தேன். தோண்டிக்கொண்டே இருந்தது. நாலு மாட்டுப் பிழைப்பையும் இழக்கப் போகிறவன் பயப்படாமல் இருப்பானா? இதில் நடிப்பு இருக்கிறதா என்று அப்போதும் தேடினேன். எனக்கு அகப்படவில்லை.

சனிக்கிழமை கூட்டத்தில் அவெலினோ அவனைப் பார்த்துப் பெயரைக் கேட்டார். அவன் எழுந்து நின்றான், வாய் திறக்கவில்லை. ஃபெலிசா பெண்கள் பக்கத்தில் எழுந்திருக்கப் போனாள். அவளுக்கு முன்னால் நான் எழுந்துவிட்டேன்.

“மாடு என்னுது” என்றேன். “பாலை மோந்து பார்த்து ஊத்தினவனும் நான். இவனைக் கள்ளன்னு சொன்னவனும் நான்தான்.”

முதலில் ரொசாலினோ ஆரம்பித்தான்.

“ஊர்ப் பாலையெல்லாம் மோந்த மூக்கு, சொந்த வீட்டு வாளிக்கு மட்டும் அடைச்சுக்கிச்சாக்கும்.”

கூடமே சிரித்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்கார்ந்தால் இன்னும் கேவலம் என்று தோன்றியது. புள்ளிச்சியின் பாலை ஒரு மாதம் தொட்டிக்குச் சேர்ப்பதில்லை என்று தீர்ப்பு. என் வேலையும் போனது. அது சரிதான். பொய் சொல்லத் தெரியாதவன் கையில் தொட்டியைக் கொடுப்போம் என்று யாரோ சொல்ல, தெல்ஃபின் பேருக்கு எல்லாக் கையும் உயர்ந்தது. செவ்வாய்க்கிழமை உயர்ந்த அதே கைகள்.

அவன் ஒரு நிபந்தனை போட்டான். தொட்டிப் பக்கத்தில் எப்போதும் இரண்டு பேர் நிற்கவேண்டும். தனி ஆள் கூடாது, தானும் சேர்த்து. இரண்டாவது ஆள் யார் என்று கேட்டதற்கு என்னைக் காட்டினான். முணுமுணுப்பு கிளம்பியது. எனக்கே கோபம் வந்தது. மன்னித்து மன்னித்து என்னை அவமானப்படுத்தப் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

“என்னை எதுக்குடா இழுக்கிறே?” என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

“நீங்க யாரையும் லேசுல நம்பமாட்டீங்கண்ணே” என்றான். “என்னை நம்பவே மாட்டீங்க. தொட்டிக்கு அப்படி ஒரு ஆள் வேணும்.”

திங்கட்கிழமை லாரி வந்தது. நாலு வருஷம் ஆகிறது. விடியும் முன் அவன் வந்து தொட்டியைக் கழுவுகிறான். நான் எதிரே நின்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒன்றும் சிக்கவில்லை.